இரண்டு தொண்டிகள்: மீன்வரத்துக் கணக்கொன்றில் கோப்புப் பாதைகள் தவறிய விதம்

மீன்வரத்துக் கணக்கின் ஆண்டுத் தொகுப்பைக் கணினி நிரலால் உருவாக்கி முதன்முறையாக அச்சிட்டுப் பார்த்தபோது பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் ஆகிய ஊர்களுக்கான கட்டங்கள் நிறைந்திருந்தன. தொண்டி, மோர்ப்பண்ணை, சோளியக்குடி, வாலிநோக்கம் ஆகிய நான்கு ஊர்களுக்கு மட்டும் சில மாதங்கள் முழுவதும் பூஜ்யமாக இருந்தன. நிரல் எந்த இடத்திலும் இடறி நிற்கவில்லை. பிழைச்செய்தி ஒன்றுகூடக் காட்டாமல், வேலை முடிந்துவிட்டதாகவே அறிவித்தது. அந்த நான்கு ஊர்களின் கணக்கு எப்படிக் காணாமற்போனது, அதைத் தேடிய வழியில் வேறு என்னென்ன குறைகள் வெளிப்பட்டன, அவற்றை எப்படிச் சரிசெய்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பைத்தான் மொழியில் அந்த நிரலை எழுதியவன் நான். ஆகவே இதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை என் தவறுகள்.

கணக்கு வந்த வழி

இராமநாதபுரம் மாவட்டக் கரைக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் வாயில் அவை வடகடல், தென்கடல். வரத்தைக் குறித்துவைப்பது இந்தக் கரைக்குப் புதிய வழக்கம் அல்ல. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. எங்கள் முயற்சி அத்தகைய அறிவியல் கணக்கெடுப்புக்கு மாற்றாகத் தொடங்கப்பட்டதல்ல. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் அன்றாடம் கொண்டுவரும் பாட்டை, அதாவது பிடித்த மீனை, அந்தந்த ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் தாங்களே நோட்டில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றி, தங்கள் ஊருக்காக வைத்துக்கொள்ளும் சிறிய கணக்கு இது.

கோப்புகளின் அடுக்கு எளியது. ஊர்ப்பெயரில் ஒரு கோப்புறை, அதனுள் நாளுக்கு ஒரு கோப்புறை, அதனுள் வலைக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரில் வலையும் அன்றைய காற்றும் இருக்கும். ஆகவே ஒரு முழுப் பாதை ‘தொண்டி/15.06.2023/நண்டுவலை கச்சான்’ என்பது போல அமையும். மண்டபத்தில் இருந்த ஒரு விண்டோஸ் மடிக்கணினியில் இவை சேர்ந்து, இணையம் வழியாக லினக்ஸ் சர்வர் ஒன்றுக்குப் போயின. இணைய இணைப்பு சரிவராத மாதங்களில் மட்டும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, எங்களில் ஒருவர் வீட்டிலிருந்த பழைய மேக் கணினி வழியாக அனுப்பினோம். அந்த டிஸ்க் ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற கோப்பு முறைமையில், அதாவது டிஸ்கில் கோப்புகளையும் பெயர்களையும் ஒழுங்காக வைக்கும் ஏற்பாட்டில், அமைக்கப்பட்டிருந்தது. இந்தச் சுற்றுவழிக்கு அப்போது யாரும் எந்த முக்கியத்துவமும் தரவில்லை.

நிரலிடம் ஊர்ப்பெயர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பெயரையும் அடிப்படைப் பாதையோடு சேர்த்து, அப்படி ஒரு கோப்புறை இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் திறந்து கூட்டும், இல்லையென்றால் அன்று அந்த ஊர் கடலுக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த முடிவை நான் அலட்சியமாக எடுக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை; பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் எந்தப் படகும் இறங்காது. கணக்கு இல்லாத நாள் இங்கே இயல்பான நாள். ‘இல்லை’ என்பதை ஒரு செய்தியாகவே நிரல் புரிந்துகொண்டது. ஆனால் ‘இல்லை’ என்ற விடை, கோப்புறை உண்மையிலேயே இல்லாதபோதும் வரும், இருக்கும் கோப்புறையை நிரல் அடையாளம் காணாதபோதும் வரும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆளைச் சந்தேகித்தது

முதலில் ஆட்களைத்தான் சந்தேகித்தேன். தொண்டிக் கணக்கை எழுதும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, இடையில் சில மாதங்கள் எழுத முடியாமற்போனதா என்று கேட்டேன். “நாள் தவறாம எழுதி அனுப்பியிருக்கேன் தம்பி. நோட்டைப் படம் புடிச்சு அனுப்பவா?” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. மாலையில் நோட்டுப் பக்கங்களின் படங்கள் வந்தன; நாள், வலை, காற்று, கிலோ, ஏலத்தில் போன விலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகும், வழியில் எங்கோ யாரோ ஒருவர் படியெடுக்க மறந்திருப்பார் என்றே இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம்பிக்கையை உடைத்தது பாம்பன். காற்று வாரியாகப் பிரித்துத் தருமாறு ஒருவர் கேட்டிருந்ததால், கோப்புப் பெயரில் காற்றின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினேன். பாம்பன் கணக்கில் எந்த மாதமும் விடுபடவில்லை. ஆனால் தொண்டி விடுபட்ட அதே மாதங்களில், பாம்பனில் வாடைக்கும் கச்சானுக்கும் கோப்புகள் கிடைத்தன. கொண்டலுக்கும் சோளகத்துக்கும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எழுதியவர் ஒருவரே, நோட்டு ஒன்றே, அனுப்பிய கணினியும் ஒன்றே. ஒரு மனிதர் கொண்டல் அடித்த நாளை மட்டும் தேர்ந்து மறக்க முடியாது.

விடுபட்ட பெயர்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: தொண்டி, மோர்ப்பண்ணை, சோளியக்குடி, வாலிநோக்கம், கொண்டல், சோளகம். விடுபடாதவற்றை எதிரே எழுதினேன்: பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், வாடை, கச்சான். கையால் எழுதியதால்தான் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். முதல் வரிசையில் ஒவ்வொரு பெயரிலும் கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஓர் எழுத்து இருக்கிறது. இரண்டாம் வரிசையில் அப்படி எந்த எழுத்தும் இல்லை. தேவிபட்டினத்தின் ‘தே’யில் கொம்பு மட்டும் உண்டு, கால் இல்லை.

ஒரே தோற்றம், இரு வடிவம்

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரம் யூனிக்கோடு. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட எண்கள் 2944 முதல் 3071 வரை. ஒகரக் குறிக்கு 3018 என்று தனி எண் உண்டு. அதே குறியை ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். ஓகாரக் குறி 3019. பிரித்தால் 3015, 3006. ஔகாரக் குறி 3020; பிரித்தால் 3014, 3031. இரண்டு எழுத்துமுறையும் ஒன்றுக்கொன்று முற்றிலும் சமம் என்று யூனிக்கோடு தரம் வரையறுக்கிறது. திரையில் இரண்டும் ஒரே வடிவில்தான் தெரியும். சேர்ந்த வடிவத்துக்கு என்.எஃப்.சி. என்றும் பிரிந்த வடிவத்துக்கு என்.எஃப்.டி. என்றும் பெயர். சர்வரில் இருந்த கோப்புறைப் பெயர்களின் எண்களை அச்சிட்டபோது இப்படி வந்தது:

தொண்டி: 2980, 3018, 2979, 3021, 2975, 3007
தொண்டி: 2980, 3014, 3006, 2979, 3021, 2975, 3007

சர்வரில் இரண்டு தொண்டிகள் இருந்தன. பழந்தமிழ் நூல்களிலும் சேரர் தொண்டி மேற்குக் கடலிலும் பாண்டியர் தொண்டி கிழக்குக் கடலிலும் என இரண்டு உண்டு. அவற்றைப் பாடலின் சூழல் பிரித்துக் காட்டிவிடும். இங்கே பிரித்துக் காட்டியது எண் மட்டுமே. இணையம் வழியாக நேராக வந்த மாதங்கள் ஒன்றிலும், டிஸ்க் வழியாக வந்த மாதங்கள் மற்றதிலும் கிடந்தன. நான் நிரலில் தட்டச்சு செய்த பட்டியலில் இருந்தது சேர்ந்த வடிவம். ஆகவே முதல் தொண்டி மட்டும் நிரலுக்குத் தெரிந்தது.

ஒரு பட்டியலில் இரண்டு தொண்டி அருகருகே இருந்தால் முன்பே கண்ணில் பட்டிருக்குமே என்று கேட்கலாம். அவை அருகருகே இல்லை. பைத்தான் எண் வரிசைப்படி அடுக்குகிறது. ‘த’வுக்குப் பின் 3014 வரும் பிரிந்த தொண்டி முதலில் வருகிறது, 3015 வரும் தேவிபட்டினம் அடுத்து வருகிறது, 3018 வரும் சேர்ந்த தொண்டி அதற்கும் பின்னால் வருகிறது. இரண்டு தொண்டிக்கும் நடுவே தேவிபட்டினம் நின்றது. பட்டியல் முழுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தொண்டி இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று கண்டதும் கண் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை அந்த வெளி டிஸ்க். 1998இல் வந்த ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமை, தன்னிடம் வரும் கோப்புப் பெயர் எதுவாயினும் அதைப் பிரிந்த வடிவத்துக்கு மாற்றியே எழுதும். இது அதன் வரையறையிலேயே உள்ளது. பழுதோ கோளாறோ அல்ல. ஒரே டிஸ்கில் ஒரே பெயர் இரு வடிவத்தில் வந்துவிடாமல் காப்பதே அதன் நோக்கம். 2017 முதல் மேக் கணினிகளில் வரும் ஏ.பி.எஃப்.எஸ். முறைமை, தரப்பட்ட வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறைமையும் லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 முறைமையும் மாற்றவும் செய்யா, ஒன்றாகக் கருதவும் செய்யா. லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்துக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. அதில் சாய்கோடும் பூஜ்யப் பைட்டும் மட்டும் இருக்கக் கூடாது, மற்றபடி அது தமிழா கிரேக்கமா என்பது அதற்குத் தெரியாது. பாதைகளுக்கென்று 2014இல் பைத்தான் 3.4 பதிப்போடு வந்த பாத்லிப் நூலகமும் இந்த இரு தொண்டிகளையும் வேறு வேறு பாதைகளாகவே ஒப்பிடும். அது செய்வது சரி என்றுதான் நான் கருதுகிறேன். லினக்ஸ் டிஸ்கில் அவை உண்மையிலேயே வேறு வேறு பாதைகள்.

முதல் திருத்தமும் அதன் தோல்வியும்

காரணம் தெரிந்த மகிழ்ச்சியில் அவசரமாக ஒரு திருத்தம் செய்தேன். பட்டியலில் உள்ள பெயரையும் டிஸ்கிலிருந்து படித்த பெயரையும் ஒருசேரச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, மாற்றிய பெயரையே பாதையில் வைத்துத் திறந்தேன். ஒப்பீடு பொருந்தியது, திறக்கும் இடத்தில் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று நிரல் நின்றுவிட்டது. டிஸ்கில் இருப்பது பிரிந்த பெயர். நான் கேட்டதோ சேர்ந்த பெயர். இருக்கும் பொருளின் பெயரை என் கையில் மட்டும் மாற்றிவிட்டு, அந்தப் பெயரால் அதை அழைத்தேன்.

சரியான வழி, ஒப்பிடும் பெயரையும் திறக்கும் பாதையையும் தனித்தனியே வைத்துக்கொள்வது. கோப்புறையைப் பட்டியலிடும்போது இயங்குதளம் தரும் பாதையை ஒரு பைட்டும் மாறாமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பெயரிலிருந்து சேர்ந்த வடிவத்தைக் கணக்கிட்டு, அதைச் சாவியாக வைத்து, அந்தச் சாவியின் கீழ் மூலப் பாதையைச் சேமிக்க வேண்டும். தேடுவது சாவியால்; திறப்பது மூலப் பாதையால். ஒரு சாவியின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கலாம் என்பதால் சாவிக்கு ஒரு பாதை என்றில்லாமல் பாதைகளின் பட்டியலாகவே வைத்தேன். இப்போது ‘தொண்டி’ என்ற சாவியின் கீழ் இரண்டு பாதைகள் வந்தன. காணாமற்போன மாதங்கள் அனைத்தும் அன்றே திரும்பின.

பாதையும், வெறும் எழுத்துத் தொடரான சரமும் ஒன்றல்ல என்பதைச் சில மொழிகள் வகையிலேயே வற்புறுத்துகின்றன. ரஸ்ட் மொழியில் கோப்புப் பெயருக்கென்று தனி வகை உண்டு. அதைச் சாதாரணச் சரமாக்க வேண்டுமானால், அது செல்லுபடியாகும் யூனிக்கோடாக இல்லாமற்போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே நிரலர் சொல்லியாக வேண்டும். பைத்தான் மென்மையான வழியை எடுத்தது: 3.1 பதிப்பிலிருந்து, புரியாத பைட்டுகளையும் மறைகுறிகளாகச் சரத்துக்குள் சுமந்து சென்று, திறக்கும்போது அதே பைட்டுகளாகத் திருப்பித் தருகிறது. வசதியானதுதான். ஆனால் அந்த வசதி, பெயரைச் சரம் போலவே கையாளலாம் என்ற எண்ணத்தை எனக்குள் வளர்த்துவிட்டது.

ஆண்டை விழுங்கிய புள்ளி

இரண்டாவது குறை இதைவிட மோசமானது. முதலாவது கணக்கைக் காட்டாமல் விட்டது, இது கணக்கின் மேலேயே எழுதியது. நாள்தோறும் ஒரு தொகைக் கோப்பு எழுதுவதற்காக, நாளின் கோப்புறைப் பெயரை எடுத்து அதன் பின்னொட்டை ‘.சி.எஸ்.வி.’ ஆக்கும் செயற்கூறை அழைத்திருந்தேன். பாத்லிப்பில் அது ஒரே சொல்லில் முடியும் வேலை. ஆனால் நாம் தேதியை எழுதும் வழக்கம் 15.06.2023 என்பது. பாத்லிப்புக்குக் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது எல்லாம் பின்னொட்டு. ஆகவே 2023 என்பதை அது பின்னொட்டாகக் கொண்டு, அதை நீக்கிவிட்டு, ‘15.06’ என்பதோடு புதிய பின்னொட்டை ஒட்டியது. 15.06.2022க்கும் 15.06.2023க்கும் ஒரே பெயரில் தொகைக் கோப்பு உருவாகி, பிந்திய ஆண்டு முந்திய ஆண்டின் மேல் எழுதப்பட்டது.

முதல் ஆண்டு முழுவதும் இது யாருக்கும் தெரியவில்லை, தெரிவதற்கு வழியும் இல்லை. இரண்டாம் ஆண்டுக் கணக்கு வந்தபிறகு, தடைக்காலம் முடிந்த மறுநாள் வரத்து போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அந்தக் கரையில் அதைவிட ஆவலோடு கேட்கப்படும் கேள்வி இல்லை. இரண்டு ஆண்டுக்கும் கிலோ வரை ஒரே எண் வந்தது. கடல் அப்படிக் கொடுக்காது என்று ஒருவர் உடனே சொன்னார். மூலக் கோப்புகள் தனியே பத்திரமாக இருந்ததால் எதையும் இழக்கவில்லை. தொகைகளை மட்டும் புதிதாக உருவாக்கினோம்.

திருத்தம் சிறியது. பின்னொட்டை மாற்றாமல், முழுப் பெயரின் இறுதியில் புதிய பின்னொட்டைச் சேர்ப்பது போதும். அதோடு, நிரல் உருவாக்கும் கோப்புகளுக்கு மட்டும் 2023-06-15 என்று ஆண்டு முன்னும் நாள் பின்னும் வரும் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். புள்ளி இல்லாததால் பின்னொட்டுக் குழப்பம் இல்லை. பெயர் வரிசையே நாள் வரிசையாகவும் அமைகிறது. ஊர்க்காரர்கள் வழக்கம்போல் 15.06.2023 என்றே எழுதுகிறார்கள், மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை.

சிறிய குறைகள் சில

மடிக்கணினியிலிருந்து வந்த ஒரு கோப்புப் பட்டியலில் பாதைகள் விண்டோஸ் முறையில் பின்சாய்கோட்டுடன் எழுதப்பட்டிருந்தன. லினக்ஸில் பின்சாய்கோடு பெயருக்குள் வரத்தக்க ஒரு சாதாரணக் குறி. ஆகவே மூன்று அடுக்குப் பாதை முழுவதும் ஒரே நீண்ட கோப்புப் பெயராகப் படிக்கப்பட்டது. விண்டோஸ் பாதைகளை எந்தக் கணினியிலும் பிரித்தறியும் வகை பாத்லிப்பில் உண்டு. அதைப் பயன்படுத்தியதும் தீர்ந்தது.

நீளத்தின் சிக்கல் சற்று விளக்கத்துக்குரியது. மோர்ப்பண்ணை என்பதை நாம் ஆறு எழுத்தாக எண்ணுகிறோம். யூனிக்கோட்டுக்கு அது 11 குறியெண்கள். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் என்பதால் டிஸ்கில் அது 33 பைட். பிரிந்த வடிவத்தில் 36. எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு பெயருக்கு வரம்பு 255 பைட், அதாவது தமிழில் 85 குறியெண்கள். என்.டி.எஃப்.எஸ். முறைமையிலும் வரம்பு 255தான், ஆனால் அது எண்ணுவது இரண்டு பைட் அலகுகளை. தமிழில் ஒரு குறியெண் ஓர் அலகு என்பதால் 255 குறியெண்களும் இடம்பெறும். மோர்ப்பண்ணைத் தம்பி ஒருவர் வலை, காற்று, நீரோட்டம், படகுச் சொந்தக்காரர் பட்டப்பெயர் வரை கோப்புப் பெயரிலேயே எழுதும் பழக்கமுடையவர். விண்டோஸ் அதை ஏற்றது, லினக்ஸ் ‘பெயர் மிக நீளம்’ என்று மறுத்தது. அவர் பெயருக்குள் எழுதியதெல்லாம் அருமையான தகவல். அதற்கு உரிய இடம் கோப்பின் உள்ளே ஒரு பத்தி. அதை அமைத்துக் கொடுத்தோம்.

சுருக்குப் பொதியில் வந்த சில பெயர்கள் சிதைந்திருந்தன. ஜிப் பொதியில் பெயர் யூ.டி.எஃப்-8இல் உள்ளது என்று சொல்ல ஒரு கொடி, அதாவது அடையாளக் குறி, உண்டு. அதை ஏற்றாமல் கட்டிய பொதியைப் பைத்தான் 437 குறிப்பக்கம் என்ற பழைய எழுத்து அட்டவணையின்படி படிக்கிறது. அப்போது ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் கிரேக்க ஆல்ஃபாவும் அதையடுத்து ஓர் இரட்டைக் கோணக் குறியுமாகத் தொடங்கும். ஆல்ஃபாக்கள் வரிசையாக வந்தால் அது தமிழ்தான் என்று அறியலாம். அதே 437 வழியாகத் திரும்பப் பைட்டாக்கி யூ.டி.எஃப்-8 ஆகப் படித்தால் பெயர் முழுமையாக மீண்டு வரும்.

பெளர்ணமியும் கெளுத்தியும்

பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்திருந்த நாட்களில் ‘பௌர்ணமி’ வந்து தடுத்தது. கடல்நீர் ஏறும் வெள்ளமும் இறங்கும் வற்றும் நிலவைப் பொறுத்தவை என்பதால் பௌர்ணமி, அமாவாசை நாட்களைச் சிலர் கோப்புப் பெயரில் குறிப்பார்கள். அவர்களில் பலர் தட்டச்சு செய்வது ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரத்தை வைத்து, ‘பெளர்ணமி’ என்று. கண்ணுக்கு இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றே. ஆனால் ஔகாரத்தின் பின்குறி 3031, ளகரம் 2995; யூனிக்கோடு இவற்றைச் சமமாகக் கருதுவதில்லை, ஆகவே எந்த இயல்பாக்கமும் இவற்றைச் சேர்க்காது.

ஒற்றைக்கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நானும் ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டேன். அன்று மாலை வந்த கோப்புகளில் ஒன்று ‘கெளுத்தி’. அது மீனின் பெயர். அதில் உள்ள ளகரம் உண்மையான ளகரம். அந்த விதி கெளுத்தியைச் சிதைத்து, எந்தச் சொல்லும் இல்லாத ஒன்றாக்கியிருக்கும். ஆகவே பொது விதி எதுவும் வைக்கவில்லை. நாங்கள் அறிந்த பிழைவடிவங்களுக்கு மட்டும் ஒரு சிறு பட்டியல் வைத்தோம். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் நிரல் தானாகத் திருத்தாது, ஒரு காத்திருப்புக் கோப்புறையில் வைத்துவிட்டு அனுப்பியவரைக் கேட்கச் சொல்லும். ஸ்ரீ என்ற எழுத்து படகுப் பெயர்களில் இரண்டு விதமாக வந்ததற்கும் இதே பட்டியல்தான் பதில். அதன் முதல் எழுத்தை 3000 எண்ணுள்ள ஸகரத்தாலும் எழுதுகிறார்கள், 2998 எண்ணுள்ள ஶகரத்தாலும் எழுதுகிறார்கள்.

பெயர் எந்த மொழியில் இருக்க வேண்டும்

இந்தக் குறைகளை விவரித்தபோது அனுபவமுள்ள சிலர் கோப்புப் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுமாறு அறிவுறுத்தினார்கள். அது எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. கணக்கு எழுதுபவர்கள் கோப்புறையைக் கண்ணால் பார்த்துத் திறக்கிறார்கள். தொண்டியை அவர்களில் ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். வாலிநோக்கத்தில் ழகரமா லகரமா என்ற ஐயம் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் வந்துவிடும். ஒரு குழப்பத்தை நீக்கி அதைவிடப் பெரிய குழப்பத்தை ஏற்பதாக அது முடியும். மேலும் ‘15.06’ தவறியது தமிழால் அல்ல, பின்சாய்கோடு தவறியதும் தமிழால் அல்ல. தமிழ்ப் பெயர்களால் வந்த சிக்கல்களுக்கும் தரமான தீர்வு உண்டு. அதை நான் கற்றிருக்கவில்லை, அவ்வளவே.

ஆகவே வெளியே தெரியும் கோப்புறைகள் தமிழிலேயே இருக்கின்றன. உள்ளே ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் உண்டு. தொகைக் கோப்புகள் எல்லாம் அந்த எண்ணைக் கொண்டே ஊரை அறிகின்றன. ஊர்ப்பெயர் எண்ணாக மாறும் இடம் ஒன்றே ஒன்று: கோப்பு உள்ளே வரும் வாசல். அங்கே பெயரின் முன்பின் இடைவெளி நீக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இணைப்பான்கள் களையப்பட்டு, சேர்ந்த வடிவத்துக்கு மாற்றப்பட்டு, பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. அதன்பின் நிரலின் வேறு எந்தப் பகுதியும் ஊர்ப்பெயரைச் சரமாக ஒப்பிடுவதில்லை.

‘இல்லை’ என்பதற்கும் இப்போது தனி அடையாளம் வைத்தோம். கடலுக்குப் போகாத நாளில் ‘தொழில் இல்லை’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை ஊரார் நாள் கோப்புறைக்குள் வைக்கிறார்கள். அதுவும் இல்லாத நாளை நிரல் பூஜ்யமாக எழுதாது. ‘தெரியவில்லை’ என்று எழுதி, பட்டியலின் மேலே காட்டும். தடைக்காலம், கூண்டு, முறைநாள் என்று நான் முன்பு ஊகித்ததையெல்லாம் இப்போது ஊராரே சொல்கிறார்கள்.

இரண்டு தொண்டிகளையும் ஒன்றாக்கும் வேலை கடைசியில் மிஞ்சியது. சில நாட்களின் கணக்கு இணையம் வழியாக ஒருமுறையும் டிஸ்க் வழியாக ஒருமுறையும் வந்திருந்ததால் இரண்டு கோப்புறையிலும் இருந்தது. உள்ளடக்கம் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாக இருந்தவற்றில் ஒன்றை நீக்கினோம். மூன்று நாட்களில் மட்டும் இரண்டு கோப்புகளும் வேறுபட்டன. எது திருத்திய படி என்று நிரலால் சொல்ல முடியாது. அக்காவை மறுபடி அழைத்து, முன்பு அவரைச் சந்தேகித்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, மூன்று தேதிகளையும் சொன்னேன். நோட்டைப் புரட்டும் ஒலி கேட்டது. இரண்டில் டிஸ்கில் வந்ததே சரி, ஏலம் முடிந்தபின் எடையைத் திருத்தி மறுபடி ஏற்றியதாகச் சொன்னார். மூன்றாவதில் இரண்டுமே தவறு. நண்டு 14 கிலோ, இரண்டு கோப்பிலும் 41 என்று ஏறியிருந்தது. அவர் சொன்ன எண்ணைப் பதிந்துவிட்டு, பிரிந்த வடிவத்துத் தொண்டியை நீக்கினேன்.